குறைந்தது இருபது எழுத்து

ஊட்டியில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டர் பக்கம் கால் நீட்டிக்கொண்டு
அந்தப் படிவத்தைச் செய்தவன் நான்.
எந்தக் கட்டத்தின் தலையில் சிவப்பு நட்சத்திரம்,
எது இல்லாவிட்டால் 'அடுத்து' என்னும் பொத்தான்
சாம்பல் பூத்தே கிடக்கும் என்பதெல்லாம்
எனக்கு ஒரு மாலை வேலை.
வாசலில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று பலகை.
எப்படித் திறப்பதென்று யாரும் சொல்லவில்லை;
பூட்டுவதற்கு மட்டும்
பதினான்கு பக்கச் சுற்றறிக்கை இருந்தது.

சேர்க்கை முகாமுக்கென்று ஆடியில் பந்தலூர் போனேன்.
அங்கே மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது.
ஏழாம் வகுப்பு பி பிரிவில் லேப்டாப்,
அதன் வாலில் கைரேகைப் பெட்டி,
சிக்னலுக்காகச் சன்னலில் நிற்கவைத்த என் போன்.

சிவபாக்கியம், வயது இருபத்தொன்பது,
சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் லைன்.
கதவு எண் கேட்டது படிவம்.
"சுண்ணாம்புல போட்ட நம்பர் சார்,
ரெண்டு மழையில போயிருச்சு."
சைபர் அடித்தேன், ஏற்கவில்லை.
ஒன்று அடித்தேன், ஏற்றது.
இப்படித்தான் அந்த லைனில்
முதல் வீடு அவருடையதாயிற்று.

பெருவிரல் வைக்கச் சொன்னேன்.
விளக்கு யோசித்து, சிவந்தது.
அடுத்த விரல். சிவப்பு.
பத்தும் வைத்தாயிற்று.
கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை மழுங்கி,
வெடிப்புக்குள் தேயிலைக் கறை ஊறி,
பெட்டியைப் பொறுத்தவரை
எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.
"கை கழுவிட்டு வரவா சார்?"
மூன்று முறை கழுவியாகிவிட்டது;
சோப்பு வாசனை மேசை வரைக்கும் வந்தது.
வரிசையில் பின்னால் நின்ற மாசன்
கையை நீட்டினான்:
"என் விரல வச்சுக்கங்கக்கா."
எல்லாரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

பாதியோடு சேமித்து,
மீதியை உங்கள் போனிலேயே நிரப்புங்கள் என்றேன்.

அன்றிரவு லாட்ஜில்
விரல் கட்டத்தின் நட்சத்திரத்தை எடுத்தேன்.
ஒரே வரிதான். முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால்
கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்.
தேர்வுக்கூடம் பத்தரைக்கு அடைபடும் என்ற வரிக்கும் போனேன்.
நாடுகாணியில் யானை நின்றால்
முதல் பஸ் அங்கேயே நிற்கும்,
டிரைவர் விளக்கை அணைத்துவிடுவார்,
யாரும் இருமக்கூட மாட்டார்கள்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மணியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
விட்டுவிட்டேன்.

குழுக் கூட்டத்தில் கேட்டார்கள்:
"ஆள் மாறி வந்தால்?"
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
வரட்டுமே, ஆள் மாறி வரத்தானே இதெல்லாம் என்று
படியிறங்கி, குடையை மறந்து,
திரும்ப ஏறும்போதுதான் தோன்றியது.
அறையில் பியூன் மட்டும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

'படிப்பை நிறுத்திய காரணம்.
குறைந்தது இருபது எழுத்து.'
அதுவும் நான் வைத்த கட்டம்தான்.
ஒற்றைச் சொல்லில் யாரும் தப்பிவிடக் கூடாதென்று.
சிவபாக்கியம் நிரப்பி அனுப்பியிருந்தார்:

பஸ் இல்லை...........

தமிழ்க் கண்ணுக்கு அது ஐந்தெழுத்து.
கணினியோ மெய்யின் புள்ளியைத் தனியே,
ஐகாரக் கொம்பைத் தனியே,
நடுவிலுள்ள வெற்றிடத்தையும் எண்ணும்.
ஒன்பது.
மீதியை எண்ணிப் பார்த்தேன். பதினொரு புள்ளி.
ஒன்றுகூட அதிகமில்லை.
ஒவ்வொன்றாக வைத்து வைத்து
பொத்தான் எப்போது நிறம் மாறுகிறதென்று
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

தரவைச் சுத்தம் செய்யச் சொல்லி
மேலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது,
தேவையற்ற குறிகளை நீக்கவும் என்று.
மூன்று நாளாகிறது.
இன்னும் பதில் போடவில்லை.